விளிம்பில் வெட்டிய வருஷம்

கிஸ்பர்ன்
9 மார்ச் 1954

ரெவெட்டிக்கு,

மூன்று வருஷம் கழித்து அக்காவின் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறாதே. இங்கே எல்லாரும் உயிரோடுதான் இருக்கிறார்கள். எனக்கு ஒரு பொருள் வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன், பாசம் பொங்கி அல்ல.

நான் குடியிருக்கும் வீட்டை ஜூன் மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேறு வீடு தேடிப் போனால் கதவைத் திறக்கும் வெள்ளைக்காரர்கள் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு வீடு போய்விட்டது என்கிறார்கள். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு இந்தக் கதவுகள் போதும். ஊருக்கு வந்து ஆற்று வளைவில், கோக்கியில், வீடு கட்டப்போகிறேன். அரசாங்கம் வீட்டுக்கடன் தரும், ஆனால் நிலம் நம் குடும்பத்துக்கு மட்டும் சொந்தம் என்று எழுத்து வேண்டுமாம். அந்த எழுத்தைக் கேட்டு நில நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறேன். ரோரா அத்தையின் குடும்பம் எதிர்த்து நிற்கிறது. கோக்கியில் தங்களுக்கும் பங்கு உண்டாம்.

மே இருபதாம் தேதி விசாரணை. அப்பாவின் மூ தோரெரே ஆட்டப் பலகையை எனக்கு அனுப்பு. தாத்தா ஹாமியோரா அந்தப் பலகையில்தான் ரோரா அத்தையின் தாத்தா இஹாயாவைத் தோற்கடித்து கோக்கியை வென்றார் என்று அப்பா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் தங்கள் முகத்தில் குத்திய பச்சைக் கோடுகளை அதன் பின்பக்கம் கையெழுத்தாகச் செதுக்கினார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் பத்திரம் அதுதான். நீதிபதி அதைப் பார்க்கட்டும்.

துணியில் சுற்றி பஸ்காரரிடம் கொடுத்தால் போதும். நீ வர வேண்டாம்.

ஹூரியா

*

வாயாபு
19 மார்ச் 1954

அக்காவுக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்திருக்கிறது. நான் வெள்ளிக்கிழமை மட்டும்தான் தபாலாபீசுக்குப் போகிறேன், அதனால் இன்றுதான் கைக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்து குதிரையில் முக்கால் மணி நேரம் ஆகிறது. பாலம் போன மழையில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

சோளம் நன்றாக வந்திருக்கிறது. எரானாவுக்கு முழங்கால் வலி. ஒரு மாடு ஆற்றோடு போய்விட்டது.

பலகை என்னிடம் இல்லை.

உன் வீட்டு விஷயம் வருத்தமாக இருக்கிறது. எங்களோடு வந்து இருக்கலாம், பின் அறை காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ வரமாட்டாய் என்று தெரியும். அப்பாவின் துக்கத்துக்கே மண் மூடிய பிறகு வந்தவள். அதை எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன். அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும், அப்படியே விடுகிறேன்.

ரெவெட்டி

*

கிஸ்பர்ன்
23 மார்ச் 1954

ரெவெட்டி,

நீ அடிக்காமல் விட்டதே நல்லது. மூன்று வருஷமாக உன் மனசில் என்ன இருக்கிறது என்று இப்போதாவது தெரிந்தது.

அப்பா வியாழக்கிழமை காலையில் செத்தார். தந்தி என் கைக்கு வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை பஸ் காலையிலேயே போய்விட்டது. அப்போது அடுத்த பஸ் திங்கள்தான். லாரிக்காரர்கள் நாலு பேரிடம் கெஞ்சினேன், சாலை இடிந்திருக்கிறது என்று ஒருவனும் கிளம்பவில்லை. ஞாயிறு மத்தியானம் நீங்கள் புதைத்தீர்கள். இதில் நான் எங்கே தாமதித்தேன் என்று சொல். தபாலாபீசுக்காரன் தூங்கினானோ, கம்பி அறுந்ததோ, அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

போருக்குப் போன என் புருஷன் இத்தாலியில் எந்த மேட்டில் கிடக்கிறான் என்று ஒரு எண்ணை மட்டும் எழுதி அனுப்பினார்கள். அப்பாவையாவது கையால் தொட்டு அழுது அனுப்பலாம் என்றிருந்தேன். அதுவும் இல்லை. நீயோ என்னை மண் மூடிய பிறகு வந்தவள் என்கிறாய்.

அது கிடக்கட்டும். பலகை எங்கே? விற்றுவிட்டாயா? நகரத்துக் கண்காட்சிக்காரர்கள் ஊர் ஊராக வந்து கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். விற்றிருந்தால் யாரிடம் என்று எழுது, போய் மீட்டுக்கொள்கிறேன். மாடு, சோளம், உன் பெண்டாட்டி முழங்கால் எதுவும் வேண்டாம். ஒரே வரியில் பதில் போடு.

ஹூரியா

*

வாயாபு
2 ஏப்ரல் 1954

அக்கா,

விற்கவில்லை. அப்பாவின் பெட்டிக்குள் வைத்தேன். அவர் இடது கைக்குக் கீழே.

நீ ஒரே வரி கேட்டாய், மூன்று ஆகிவிட்டது. இன்னும் ஒன்று. தோண்டுவது என்ற பேச்சை எடுக்காதே.

ரெவெட்டி

*

கிஸ்பர்ன்
6 ஏப்ரல் 1954

ரெவெட்டி,

உன் கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். விடுதிச் சமையலறையில் நாற்பது பேருக்கு உருளைக்கிழங்கு தோல் சீவினேன். உன் முகத்தை நினைத்துக்கொண்டுதான் சீவினேன். திரும்பி வந்து மறுபடியும் படித்தேன், எழுத்து மாறவில்லை.

யாரைக் கேட்டு வைத்தாய்? அந்தப் பலகையில் அப்பாவை ஜெயித்தது நான் ஒருத்திதான். நீ ஒரு நாளும் ஜெயித்ததில்லை. காய் எதுவும் வெட்டுப்படாத ஆட்டத்தில், நகர இடமில்லாமல் எப்படிச் சிக்கினோம் என்றே தெரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். இப்போது என்னை அப்படி உட்கார வைத்திருக்கிறாய்.

தோண்ட மாட்டேன். எனக்கும் அப்பாதான் அவர்.

ஆனால் ஒன்று செய். முன்னோர் உருவங்கள் நிற்கும் நம் மூத்தோர் வீட்டுக்கு நீ செதுக்கிய தூண்களைப் பார்க்க இன்றைக்கும் தெற்கிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அதே கையால் அப்பாவின் பலகையை இன்னொரு தடவை செய். அதே அகலம், அதே நட்சத்திரம், எட்டு முனையும் நடுவும். பின்பக்கம் இரண்டு முகக் கோடுகள். புகைக்கரியையும் சுறா எண்ணெயையும் குழைத்துத் தேய், அடுப்புக்கு மேல் இரண்டு வாரம் தொங்கவிடு. பழையதைப் பார்த்தவர்கள் நீயும் நானும்தான். அப்பா வேறு யாரையும் தொடவிட்டதில்லை. இதுதான் அது என்று நான் சொல்வேன். சத்தியம் செய்வது என் வாய், உன் வாய் இல்லை.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. உன்னால் என் பத்திரம் மண்ணுக்குள் போனது. ஒரு பத்திரம் எனக்கு நீ கடமைப்பட்டிருக்கிறாய்.

ஹூரியா

*

வாயாபு
25 ஏப்ரல் 1954

அக்கா,

இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

மரம் கிடைத்தது. ஆற்றுச் சரளைக்குள் ஒரு பழைய தோத்தாரா புதைந்து கிடந்தது, எத்தனை வெள்ளத்துக்கு முந்தினதோ. இரண்டு குதிரை கட்டி இழுத்தேன். வெளியே சாம்பல் நிறம், ஆப்பு வைத்துப் பிளந்தால் உள்ளே ரத்தச் சிவப்பு. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம் வைத்து வாய்ச்சியால் செதுக்கி மட்டமாக்கினேன். நடுவில் ஆணி, ஆணியில் நூல், நூலில் கரி. வட்டம் போட்டு, அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, இன்னொரு தடவையும் பாதியாக்கினால் எட்டு முனை. இதுவரை சுலபம்.

தோத்தாரா நேராகப் பிளக்கும் மரம் என்று உனக்கே தெரியும். இழைக்குக் குறுக்கே போகும் கோடு வெண்ணெய் மாதிரி வரும். இழையோடு போகும் கோட்டில் கை கொஞ்சம் அழுந்தினாலும் உளி தன் பாட்டுக்கு ஓடிவிடும். முதல் பலகையில் அப்படித்தான் ஆறாவது முனை விளிம்பைத் தாண்டிப் போய்விட்டது. அதை மூலையில் சாத்திவிட்டு இன்னொன்று எடுத்தேன். எரானா சுருள்களை அடுப்புக்கு அள்ளப் போனாள். நான் கத்தின கத்தலில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒரு முகம் ஏறப்போகிற மரத்தின் சிராயில் யாராவது கிழங்கு வேகவைப்பார்களா?

முன்பக்கம் முடிந்தது. பின்பக்கம் நம் தாத்தா ஹாமியோராவின் கோடுகளையும் போட்டேன், அவை என் கைக்குப் பழக்கம். இஹாயாவின் கோடுகளில் என் கை நின்றுவிட்டது. மூக்குவரை நினைவிருந்தது, கன்னம் இல்லை. இன்னொருவர் பாட்டனின் முகத்தைத் தோராயமாக எப்படிப் போடுவது? போலிப் பலகைதான் என்றாலும் முகம் முகம்தானே.

அதனால் ரோரா அத்தை வீட்டுக்குப் போனேன். திட்டாதே, முழுக்கப் படி. அவர்கள் மூத்தோர் வீட்டின் இடது சுவரில் இஹாயா நிற்கிறார், உருவம் செதுக்கியபோது முகக் கோடு ஒன்று விடாமல் போட்டிருக்கிறார்கள். அத்தையின் பிள்ளைகள் மூன்று பேரும் அதன் வாசலில் நின்றார்கள். வழி விடவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. உள்ளேயிருந்து அத்தைதான் குரல் கொடுத்தாள்.

"யாரு மூஞ்சி வேணும்னு வந்திருக்க?"

"உங்க தாத்தா மூஞ்சி, அத்தை."

"எதுக்கு?"

பொய் சொல்ல வாயைத் திறந்தேன். சுவரில் இஹாயா பார்த்துக்கொண்டு நிற்கிறார், பொய் வரவில்லை. அப்பாவின் பலகையை மறுபடியும் செய்கிறேன், அக்கா அதை நீதிமன்றத்தில் வைக்கப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். ஹாமியோரா ஜெயித்த பலகை என்றும் சொன்னேன். அத்தை சிரிக்க ஆரம்பித்தாள், இருமல் வரும்வரை சிரித்தாள்.

"ஜெயிச்சாருன்னு யாரு சொன்னது, உங்கப்பனா? அவன் ரெண்டு விலாங்கு பிடிச்சா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அது ஆறாயிடும். மூணு நாள் ஆடினாங்கடா. ரெண்டு பேருக்கும் ஆடத் தெரிஞ்சா அந்த ஆட்டம் முடியவே முடியாது. மூணாம் நாள் சாயங்காலம் ரெண்டு பேரும் சமாதானமா மூக்கோட மூக்கு வச்சுட்டு எழுந்துட்டாங்க. வளைவு ரெண்டு வீட்டுக்கும் பொதுன்னு ஆச்சு. அதைத்தான் பின்னாடி வெட்டி வச்சாங்க. ஒருத்தன் ஜெயிச்சிருந்தா அவன் மூஞ்சி மேலயும் தோத்தவன் மூஞ்சி கீழயும்ல இருக்கும். நீ பார்த்திருப்பியே, எப்படி இருந்துச்சு?"

அக்கா, அப்பா எந்நாளும் அந்தப் பலகையைத் திருப்ப விட்டதில்லை, ஞாபகம் இருக்கிறதா? பெட்டியில் வைக்கத் துணி சுற்றும்போதுதான் நான் முதல் தடவையாகப் பின்பக்கத்தைப் பார்த்தேன். இரண்டு முகங்களின் மூக்குக் கோடும் ஒன்றாகச் சேர்ந்திருந்தது. மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று இல்லை. அழகாக இருக்கிறது என்று மட்டும் நினைத்தேன். அதற்கு அர்த்தம் உண்டென்று அப்போது யோசிக்கவில்லை.

அத்தை பழுப்புத்தாள் கொடுத்தாள், கோடுகளைப் படி எடுத்துக்கொண்டேன். "செதுக்கு. ஆனா இருந்த மாதிரி செதுக்கு" என்று மட்டும் சொன்னாள். டீயும் ரொட்டியும் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

இப்போது என்ன செய்ய, சொல்.

ரெவெட்டி

*

கிஸ்பர்ன்
30 ஏப்ரல் 1954

ரெவெட்டி,

அடப்பாவி. திருடப் போனவன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு விளக்குப் பிடிக்கச் சொன்ன கதையாக இருக்கிறது. அவள் வீட்டில் டீ குடித்து, அவள் கொடுத்த ரொட்டியைத் தின்று, என் வழக்கை அவள் மடியில் கொட்டிவிட்டு வந்து, என்ன செய்ய என்று என்னைக் கேட்கிறாய்.

அவள் சொன்னால் அது உண்மையாகிவிடுமா? அப்பா பொய் சொன்னார் என்கிறாயா? விலாங்கில் கூட்டிச் சொல்வார், எனக்குத் தெரியும். நிலத்தில் கூட்டிச் சொல்வாரா? இதை எழுதும்போதே எனக்கு அவர் சிரிப்பு கேட்கிறது, அதனால் இதைப் பற்றி இனிமேல் யோசிக்கப்போவதில்லை.

பங்கு நிலம் என்றால் கடன் கிடையாது. கடன் இல்லை என்றால் வீடு கிடையாது. ஜூன் முதல் தேதி நான் என் பெட்டியையும் தையல் இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு எந்தத் தெருவில் நிற்பேன் என்று ரோரா அத்தை சொல்வாளா?

ஹாமியோரா மேலே, இஹாயா கீழே. அப்படிச் செதுக்கு. நீதிபதிக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் கூட இருக்கும் நம் ஆட்களுக்குத் தெரியும், அவர்கள் அவருக்குச் சொல்வார்கள். எண்ணெயும் கரியும் மறக்காதே. மே பதினைந்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் எனக்குத் தம்பி இல்லை. இதை நான் கோபத்தில் எழுதவில்லை, இரண்டு நாள் வைத்திருந்துதான் எழுதுகிறேன்.

ஹூரியா

*

வாயாபு
12 மே 1954

அக்கா,

இந்தக் கடிதம் பலகையோடு துணிக்குள்ளேயே வருகிறது. பையில் எட்டுக் கூழாங்கல் இருக்கிறது, நாலு வெள்ளை, நாலு கறுப்பு. ஆற்று முகத்துவாரத்தில் பொறுக்கியவை.

நீ சொன்ன மாதிரி செய்யவில்லை. மூக்கோடு மூக்கு வைத்திருக்கிறேன், இருந்த மாதிரி. கரி பூசவில்லை. கீழ் விளிம்பில் இந்த வருஷத்தையும் என் அடையாளத்தையும் வெட்டியிருக்கிறேன். செய்தவன் பெயரில்லாத வேலை என் கையிலிருந்து போனதில்லை.

அதற்காக உன்னைச் சிக்கவைத்துவிட்டேன் என்று நினைக்காதே. விளிம்பில் ஆழமாக வெட்டவில்லை. ஒரு கண்ணாடித் துண்டால் சுரண்டினால் அரை மணி நேரத்தில் போய்விடும். பின்பக்கத்தை நீதிபதிக்குக் காட்டாமல் முன்பக்கத்தை மட்டும் வைத்தாலும் வைக்கலாம். என்ன சொல்வது என்பது உன் வாய், நீயே சொன்னாய். நான் யாரிடமும் வந்து மறுத்துப் பேசமாட்டேன்.

ஆனால் நீ சத்தியம் செய்வதற்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். பத்து நாளாகச் செதுக்கும்போதெல்லாம் இதைத்தான் மனசுக்குள் எழுதி எழுதிப் பார்த்தேன்.

தபாலாபீசுக்காரன் தூங்கவில்லை. கம்பி அறுபடவில்லை. நான்தான் வெள்ளிக்கிழமை மத்தியானம் தந்தி கொடுத்தேன்.

வியாழன் காலையில் அப்பா கண்ணை மூடியதும் குதிரையில் ஏறினேன். பாதி வழியில் பாலத்தில் நின்றேன். கடைசி மூன்று நாளும் நான் பக்கத்தில் இருந்தேன், நான்தான் தண்ணீர் கொடுத்தேன், துடைத்தேன், திருப்பிப் படுக்கவைத்தேன். அவர் கூப்பிட்டது உன்னை. ஹூரியா எங்கே, ஹூரியா வந்தாளா. கடைசியாகத் தெளிவாகச் சொன்னது, "பலகைய ஹூரியாகிட்ட குடு. அவளுக்குத்தான் ஆடத் தெரியும்." பாலத்தில் நிற்கும்போது எனக்கு அது மட்டும்தான் காதில் இருந்தது. குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். தந்தி போயிற்றா என்று எரானா கேட்டாள், போயிற்று என்றேன். மறுநாள் மனசு அடித்துக்கொண்டது, ஓடினேன். பஸ் கிளம்பி நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை மூடும்போது நீ வரவில்லை. வரமுடியாமல் செய்தவன் நான் என்று தெரிந்தே, வராதவளுக்கு எதற்குப் பலகை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உள்ளே வைத்தேன். பிறகு மூன்று வருஷம் நீதான் தாமதமாக வந்தாய் என்று ஊரும் சொன்னது, நானும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

இதுதான். அழகாக எழுத வரவில்லை.

ரெவெட்டி

*

கிஸ்பர்ன்
22 மே 1954

ரெவெட்டி,

முதலில் வழக்கு. மற்றது பிறகு.

பலகை பதினான்காம் தேதி வந்தது. உன் கடிதத்தைப் படித்தேன். படித்து முடித்ததும் பால் பாட்டில் ஒன்றை உடைத்து, அதன் துண்டை எடுத்து, விளிம்பைச் சுரண்டினேன். உன் பெயரை என் கையால் அழிப்பதில் எனக்கு அன்றைக்கு அவ்வளவு திருப்தி. பிறகு அடுப்புப் புகைக்கரியையும் கடையில் வாங்கிய மீன் எண்ணெயையும் குழைத்துப் பலகை முழுக்கத் தேய்த்தேன். ஐந்து நாள் என் அறை முழுக்க அந்த நாற்றம். விசாரணை நாள் காலையில் அது நூறு வருஷப் பலகை மாதிரித்தான் இருந்தது. உன் வேலை அவ்வளவு நன்றாக இருந்தது, சொல்லித்தான் ஆக வேண்டும்.

நீதிமன்றத்தில் ரோரா அத்தை எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் மூன்று பேரும் பின்னால். குமாஸ்தா பலகையை நீதிபதிக்குக் காட்டினார், பிறகு எதிர்த்தரப்பு பார்க்கலாம் என்று அவளிடம் கொடுத்தார். அவள் திருப்பினாள். இஹாயாவின் கன்னத்தில் விரலை வைத்தாள். பிறகு விளிம்பைத் தடவினாள். சுரண்டிய இடத்தில் பெருவிரல் நின்றது. எடுத்தபோது விரல் கறுப்பாக இருந்தது, ரெவெட்டி. நூறு வருஷக் கறுப்பு கையில் ஒட்டாது என்று நான் ஏன் யோசிக்கவில்லை? அவள் என்னைப் பார்த்தாள், அந்த விரலைத் தன் கறுப்புப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நல்ல வேலை" என்று சொல்லிப் பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உள்ளே போயிருப்பேன்.

இன்னும் இரண்டு வழக்கு பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம், வெளியே இருங்கள் என்றார்கள். தாழ்வாரத்து பெஞ்சில் அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கல் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்டாள். பையில் உன் கற்கள் இருந்தன. பலகையை நடுவில் வைத்து ஆடினோம். எதிராளியின் கல்லுக்கு ஒட்டி நிற்கும் கல்தான் நடுவுக்குப் போகலாம், தன் ஆட்களுக்கு நடுவில் பத்திரமாக நிற்பது எங்கும் நகர முடியாது என்ற அந்த விதியை அப்பா எனக்கு ஆறு வயதில் சொல்லிக்கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆடினோம். என்னாலும் அவளைக் கட்ட முடியவில்லை, அவளாலும் என்னைக் கட்ட முடியவில்லை. அவள் கல்லை வைத்துவிட்டு ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"உங்கப்பன் என்கிட்ட சொல்லியிருக்கான், எம்பொண்ணுகிட்ட மட்டுந்தான் தோத்தேன்னு. அது மட்டும் கூட்டிச் சொல்லல போல."

கூப்பிட்டார்கள். புத்தகத்தின் மேல் கை வைத்தேன். இது உங்கள் தாத்தா ஆடிய பலகைதானா என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லத்தான் போனேன், வாய் அதற்குத் தயாராகவே இருந்தது. அப்போது எனக்கு உன் பாலம் ஞாபகம் வந்தது. நீ குதிரையைத் திருப்பின இடத்தில் நான் நிற்கிறேன் என்று தெரிந்தது. ஒரு நாள் பொய்யில் நான் மூன்று வருஷம் வெந்தேன். அதை இன்னொருத்தி வீட்டில் வைக்க எனக்குக் கை வரவில்லை.

"இல்லைங்க. இது என் தம்பி செஞ்சது, இந்த வருஷம். கறுப்பு பூசினது நான். பழசு எங்கப்பாகிட்ட இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

நீதிபதி என்னை நன்றாகத் திட்டினார். மனு தள்ளுபடி. கோக்கி இரண்டு குடும்பத்துக்கும் பொதுவாகவே இருக்கும். கடன் கிடையாது. வெளியே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை பின்னாலேயே வந்தாள்.

"தனியாப் பிரிச்சுக் குடுன்னா தர மாட்டேன். வந்து குடியிருக்கக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன்? நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நேரா கோர்ட்டுக்குப் போனே. பழைய கம்பளிக் கொட்டகையில தகரமும் பலகையும் கிடக்கு. எம்பசங்க மூணு பேரு இருக்கானுங்க. ரூம் ஒண்ணுதான் தேறும், அதுக்கு மேல ஆசப்படாத."

ஒரு அறை. நான் நாலு அறை நினைத்திருந்தேன். பரவாயில்லை, கதவு என்னுடையது.

இனி மற்றது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் விளிம்பைச் சுரண்டிக் கரி பூசுவதுதான். என் அப்பா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே செத்தார் என்பதை நீ மூன்று வருஷம் உன் பையில் வைத்திருந்தாய். பலகை போனதுகூட எனக்குப் பெரிசில்லை. அவர் கூப்பிட்டார் என்று தெரிந்திருந்தால் நான் இத்தனை நாள் வேறு மாதிரி இருந்திருப்பேன்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறேன், பெட்டியும் தையல் இயந்திரமும் பலகையுமாக. இந்தக் கடிதம் திங்கள் மத்தியானம் ஒரு மணிக்கு உங்கள் தபாலாபீசுக்கு வந்துவிடும். நீ வெள்ளிக்கிழமைதான் எடுப்பாய், நான் அதற்குள் வந்து இறங்கியிருப்பேன். நல்லதுதான். ஒரு தடவை நீ தாமதமாகத் தெரிந்துகொள்.

வந்ததும் இரண்டு வேலை. உளியைத் தீட்டி வை, நான் சுரண்டிய இடத்தில் வருஷத்தையும் உன் அடையாளத்தையும் என் கண் முன்னால் மறுபடியும் வெட்டு, இந்தத் தடவை ஆழமாக. அது முடிந்ததும் அப்பாவிடம் போகிறோம். வியாழக்கிழமை காலையில் என்ன செய்தாய் என்று எனக்கு எழுதியதை அவரிடம் நின்று வாய்விட்டுச் சொல். நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.

ஹூரியா

*

தந்தி

கொடுத்த இடம்: வாயாபு
கொடுத்த நேரம்: 24 மே 1954, திங்கள், மத்தியானம் 1.20

ஹூரியாவுக்கு. கடிதம் கிடைத்தது. உளி தீட்டுகிறேன். அப்பாவிடம் சொல்கிறேன். வா. ரெவெட்டி.